சாகாத டிஸ்க்கின் காந்தம்

அந்தத் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். எந்தக் கல்லூரியும் கொடுத்த பட்டம் இல்லை, தெருவே கூடிக் கொடுத்தது. படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைப்பதுதான் அவர் தொழில். செருப்புக் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற அளவுக்கு ஒரு கடை. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் வளைகிற கழுத்துள்ள விளக்கு, சுற்றிலும் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும் கம்ப்யூட்டர்கள். வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதுபோல நின்று, "பிழைக்குமா சார்?" என்று கேட்பார்கள். அவரும் முகத்தில் எதையும் காட்டாமல், "பார்க்கலாம்" என்பார்.

முன்கோபி. வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிட்டு மிச்சத் திருகாணிகளைப் பொட்டலம் கட்டி எடுத்து வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அப்படியொரு நிதானம் வந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரையும் துடைத்து அழித்துப் புதிதாக ஏற்றுவதற்கு முன்னால், "உள்ள இருக்கிறது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று பதில் வந்தாலும் விடமாட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மறுபடியும் கேட்பார். அழித்ததைக்கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அதே இடத்தில் வேறு எதையும் எழுதாமல் இருந்தால். மேலே எழுதிவிட்டால் போனது போனதுதான். இதை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் முகம் விழுவதைப் பார்க்காமலிருக்க, அந்த நேரத்தில் விளக்கின் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

வீட்டில் மனைவி, மகள். மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மகள் ஆறாவது படிக்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஹார்ட் டிஸ்க் மொத்தமாகச் செத்துப்போனால் அதைப் பிரித்து, உள்ளேயிருக்கும் காந்தத்தை எடுத்து வந்து அவளிடம் கொடுப்பார். அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பாள். மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் என்றால் காந்தம் பெரிதாக, தடித்து, கதவோடு விரலையும் சேர்த்துக் கடிக்கும். லேப்டாப் டிஸ்க் என்றால் நகத்துணுக்கு மாதிரி சின்னது. அந்தக் கதவு நிறைய செத்தவர்கள் இருந்தார்கள். "இதுங்க நடுவுல கைப்பிடி எங்கடி இருக்கு?" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

மகள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் சாயங்காலமானால் வீட்டு மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. அதை ஏற்றிவைத்ததும் இந்த மகானுபாவர்தான், ஏதோ ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டு சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க. தமிழிலேயே செய்த விளையாட்டு. அதில் அவள் ஒரு துறைமுகத்துக்குத் தலைவி. கப்பல்கள் வரும், கேப்டன்கள் வந்து முறையிடுவார்கள், இவள் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல ஊர் வளரும். இவ்வளவும் டாக்டருக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம், பெண் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான்.

ஒருநாள் சாப்பிடும்போது, அலமாரியை ஏன் இன்னும் அடுக்கவில்லை என்று அம்மா சத்தம் போட்டாள். "கொஞ்சம் அவகாசம் குடுங்கம்மா" என்றாள் மகள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த வார்த்தையை எங்கே பிடித்தாய் என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். சிரிப்பதற்குத்தான் நேரம் இருந்தது.

பிறகு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "தங்கமான பொண்ணு சார். ஆனா வகுப்புல வாயே திறக்க மாட்டேங்குறா" என்றார் டீச்சர். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன், டியூஷன் சென்டர் நடத்துகிறவர். எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும், அதைக் கேட்காமல் யாரும் எழுந்து போகமுடியாது.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கேம் ஆடினா நாலு வார்த்தை கூடத் தெரியுமா? மனசு பக்குவப்படுமா? புத்தி வளருமா? எதுவும் கிடையாது. இருக்கிறதும் போகும். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சரிபண்றீங்க, உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல என்ன நடக்குதுன்னு பாருங்க."

கடைசி வாக்கியம் தைத்துவிட்டது. தொழில்காரனைத் தொழிலை வைத்து அடித்தால் யாருக்குத்தான் தாங்கும்? மச்சான் போகும்போது தன் சென்டரின் பாடங்கள் அடங்கிய பென் டிரைவ் ஒன்றையும் கையில் திணித்துவிட்டுப் போனார். சொல்வளம், அறிவுக்கூர்மை, பொது அறிவு. பெரிய பெரிய வீடியோக்கள்.

மறுநாள் மகள் பள்ளிக்கும் மனைவி வேலைக்கும் போனபின், டாக்டர் உடனே கடைக்குக் கிளம்பவில்லை. வீட்டு மேசைக் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்தார். புதிதாக எல்லாம் ஏற்றினார். மச்சான் கொடுத்த பாடங்களை அதன் மேல் நிரப்பினார், டிஸ்க் வயிறு முட்டும் வரைக்கும். ஊரில் யாரைக் கேட்காமலும் அவர் இந்த வேலையைச் செய்ததில்லை. மகளிடம் மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். சீருடையோடு உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். திரும்பினாள்.

"அப்பா, என் ஊர் எங்கப்பா?"

சொல்லவேண்டியதை அவர் தயாராகத்தான் வைத்திருந்தார். உன் நல்லதுக்குத்தான், படிப்பு முக்கியம், அப்பா செய்தால் காரணம் இருக்கும். காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வசனம். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தன்பாட்டுக்கு வேறு ஒன்றைச் சொன்னது.

"டிஸ்க் செத்துப்போச்சும்மா. புதுசு மாத்தியிருக்கேன்."

அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க, பாவம். எவ்வளவு நேரம் போராடினீங்களோ."

அந்தத் தண்ணீரை அவர் குடித்தார். குடிக்காமல் என்ன செய்வது? தொண்டையில் இறங்கும்போது வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு குழந்தையிடம் பொய் சொல்லி, அதற்கு ஆறுதலும் வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் அவர் செருப்பு மாட்டும்போது மகள் கேட்டாள். "அந்த டிஸ்க்கோட காந்தம் எடுத்தாச்சாப்பா?"

"கடையில இருக்கும்மா."

கடையில் எங்கே இருக்கும்? சாகாத டிஸ்க்குக்குக் காந்தம் எடுக்கமுடியுமா? சாயங்காலம் கடை மூடும் அவசரத்தில் இழுப்பறைக்குள் கையைவிட்டுத் துழாவி, விரலில் ஒட்டிய ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவின் ஓரத்தில், மற்றவற்றோடு சேர்க்காமல், தனியாக ஒட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் முனகாமல் மாமாவின் பாடங்களைப் படித்தாள். சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்தாள், சொன்ன நேரத்துக்கு எழுந்தாள். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்லலை?" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். மனைவிக்கும் மகிழ்ச்சி. டாக்டருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. கோபித்துக்கொண்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கோபித்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவளோ முன்னைவிடப் பிரியமாக இருந்தாள். தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைத் தானாகவே வந்து காட்டினாள். காட்டிவிட்டு, ஏதோ எதிர்பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாள். எதற்கு நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

தாங்கமாட்டாமல், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்த் தோண்டிப் பார்த்தார். தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினார். அவள் ஊர் இருந்த இடமெல்லாம் மச்சான்தான் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கின் கழுத்தைச் சரிசெய்தார். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை.

அப்போது அவருக்கு இன்னொரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. அதே விளையாட்டைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தானே ஆடி, அவளுடையதைப் போல ஒரு ஊரை எழுப்பி, கிடைத்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யால் ஒட்டுப்போடும் வேலை. மதியம் கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்தார். குழந்தைகள் சமாச்சாரம்தானே, என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தார்.

திரையில் வரி வரியாக எழுத்து ஓடியது. சுங்கம், தீர்வை, நிபந்தனை, சமரசம் என்று வந்துகொண்டே இருந்தது. பாதிக்கு அவருக்கு அர்த்தம் பிடிபடவில்லை. படிக்கப் பொறுமையில்லாமல் கைக்கு வந்த பட்டனை அழுத்தினார். நோயாளிகளோடு வந்த கப்பலை வெளியே நிற்க வைத்தார், ஊரே இவரைத் திட்டியது. மீனவர் சண்டையில் ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார், மறுபக்கம் படகுகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு ஒரு கேப்டன் வந்தான். தானியம் ஏற்றி வந்ததாகச் சொன்னான், அடித்தட்டில் வேறு என்னவோ ஒளித்திருந்தான். கீழே மூன்று பட்டன்கள். பறிமுதல் செய். துரத்திவிடு. அவகாசம் கொடு.

டாக்டரின் விரல் நின்றது. அந்த மூன்றாவது பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தானும் மனைவியும் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. இத்தனை வார்த்தைகளையும் அந்த வாய் திறக்காத பெண் உட்கார்ந்து படித்திருக்கிறாள். படித்து, இரண்டு பக்கமும் கேட்டு, ஒரு ஊரை நடத்தியிருக்கிறாள். விளையாட்டு கொடுத்த பக்குவமா, அவளுக்கே இருந்த பக்குவமா என்று பிரித்துச் சொல்ல அவரிடம் கருவி எதுவும் இல்லை. தான் அழித்தது என்ன என்பது மட்டும் தெரிந்தது. ஆனாலும் பழைய முன்கோபம் போகவில்லை, பறிமுதல் செய் என்பதையே அழுத்தினார். அதோடு எந்தக் கப்பலும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு அன்றைக்கும் வேலை. டாக்டர் உள்ளே வந்து, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"கடைக்கு வர்ற ஒருத்தர் அந்தத் துறைமுகக் கேம்ல மாட்டிக்கிட்டாராம். கேப்டன் பொய் சொல்றான்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாதுப்பா. அவகாசம் குடுக்கணும்."

"அப்புறம் அவன் ஓடிட்டான்னா?"

"பெரும்பாலும் ஓட மாட்டாங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா மானம் போகும் இல்ல? அதான் பொய்க்கு மேல பொய் சொல்லுவாங்க. விட்டுட்டா அவங்களே வந்து சொல்லிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"இன்னும் கொஞ்சம் குடுக்கணும்பா."

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஓரத்தில் தனியாக, நகத்துணுக்கு மாதிரி ஒரு காந்தம். லேப்டாப் காந்தம். வீட்டில் இருப்பதோ மேசைக் கம்ப்யூட்டர். இந்தத் தொழிலில் தலை நரைத்தவருக்கு அதைக் கையில் எடுத்தபோது தெரியவில்லை. அவளுக்குக் கையில் வாங்கின அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"டிஸ்க் சாகலைம்மா. நான்தான் அழிச்சேன்."

"தெரியும்பா."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பயமாக இருந்தது.

"டிஸ்க் சாகலைன்னா உள்ள இருக்கிறது பத்திரமாத்தானே இருக்கும்! நீங்க யாரையும் கேக்காம அழிக்கவே மாட்டீங்களே. என்கிட்ட கேக்கலைன்னா, எங்கயோ எடுத்து வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். நான் நல்லாப் படிச்சா திருப்பிக் குடுப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். எங்கப்பா வச்சிருக்கீங்க? கடையிலயா?"

எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாய்தான். இங்கே சரிசெய்வதற்கு விளக்கு எதுவும் இல்லை. அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மேல எழுதிட்டேம்மா."

வேறு யாராக இருந்தாலும் அதற்கு அர்த்தம் கேட்டிருப்பார்கள். அவள் டாக்டரின் மகள். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து அந்தச் சின்னக் காந்தத்தைப் பெயர்த்து எடுத்து அவர் கையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.