சறுக்கும் இருக்கு, படியும் இருக்கு

வால் வழியாக ஏறுவார்கள், மூக்கு வழியாக இறங்குவார்கள். நாலு வீட்டுக்கு வாக்கப்பட்டது, மூன்று சேலைதான் கட்டியது. நின்ற இடத்தை விட்டு மட்டும் அசையவில்லை. அது என்ன?

முதல் வரியிலேயே ‘யானை’ என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான், ஆனால் பாதி விடை. முழு விடை: சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவின் சிமெண்ட் யானைச் சறுக்கு.

இந்தத் தொழிலில் சறுக்குவது பிள்ளைகள். நெஞ்சு திக்கென்பது நமக்கு. யானையின் தலைமேல் ஒரு சின்ன மேடை உண்டு. ஏறி வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைப்பது என் வேலை. நான் சேர்ந்தபோது பிள்ளைகள் என்னை அக்கா என்றார்கள், இப்போது அத்தை என்கிறார்கள். அதற்குள் நான்கு முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். முதலாளி மாறுகிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், புதியவர் வருவதற்கு முன்னாலேயே பெயின்ட் வாளி வந்துவிடும். நான்காமவர் மட்டும் வாளி கொண்டுவரவில்லை. யானை நிற்பதா, இடிபடுவதா என்பதை ஒரு பிள்ளையிடம் விட்டார். யானை போனால் என் வேலையும் போகும். அங்கே வருவதற்குள் மற்ற மூவரையும் பார்த்துவிடலாம்.

மஞ்சள் யானை

முதல் முதலாளி புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி. கோபுரப் பொம்மை செய்யும் கொத்தனாரைக் கூட்டிவந்து யானையைக் கட்டினார். வாலில் ஏறுபடி, தும்பிக்கையில் சறுக்கு. எலுமிச்சை மஞ்சளில் அடித்தார். ஊர்க்காரர்கள் எலுமிச்சங்கா பார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திறப்பு விழா அன்று முதலாளியின் மனைவிதான் பட்டுச் சேலையோடு முதலில் ஏறினார். மேடையில் நின்று தும்பிக்கையை எட்டிப் பார்த்தார். பிறகு உட்காரவும் இல்லை, திரும்பவும் இல்லை. திரும்ப முடியாது, வால் முழுக்கப் பிள்ளைகள். கடைசியில் யானையின் காதோரம் ஏணி சாத்தி அவரை இறக்கினோம். மறுநாளே கொத்தனார் அந்தக் காதோரம் ஒரு சின்னப் படி கட்டினார். மேடைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் சொல்ல வேண்டிய வாசகத்தையும் அந்த அம்மாவே கற்றுக்கொடுத்தார்: ‘சறுக்கும் இருக்கு, படியும் இருக்கு. உன் இஷ்டம்.’ யாரையும் தள்ளக் கூடாது, படியில் இறங்குபவரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. யானை எப்படி இருக்கிறது என்று விழா அன்று விருந்தாளிகள் கேட்டதற்கு அவர் சொன்னது:

“யானைக்கு என்ன, லட்சணமாத்தான் இருக்கு. ஏத்திவிட்டவுக இறங்குததுக்கும் ஒரு வழி யோசிச்சிருக்கணும்லா.”

மோட்டாரும் மேகமும்

ஒரு கோடையில் இளையரசனேந்தல் பக்கமிருந்து ஒரு பெரியவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். மழையை நம்பிப் பருத்தி போடுகிறவர். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. பிள்ளைகள் சறுக்க, அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தண்ணி எங்கன போவுது?” என்றார்.

கீழே தொட்டியில் விழுகிறது, வடிகட்டி மோட்டார் மறுபடி மேலே ஏற்றுகிறது என்றேன். யானையைச் சுற்றிவந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். மோட்டார் அறையில் காதை வைத்துக் கேட்டார். எங்கள் மோட்டார்காரர் முருகையா அண்ணாச்சி பொறுமையாக ஒருமுறை நிறுத்தி, ஓட்டிக் காட்டினார். பெரியவர் வானத்தைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

“மேல இருக்கவனுக்கும் இப்படி ஒரு மோட்டார் மாட்டிவிட முடியுமா வே? கரண்டு செலவ நாங்க பாத்துக்கிடுதோம்.”

வெள்ளை யானை

அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கியது. பக்கத்தில் முதலாளி போட்டிருந்த எலுமிச்சைத் தோட்டத்துக்கும் யானைக்கும் அதே கிணறுதான். முதலாளி தோட்டத்தை வைத்துக்கொண்டு யானையை விற்றார்.

வாங்கியவர் கல்யாண மண்டபம் நடத்துகிறவர். ஆழ்துளைக் கிணறு போட்டார், யானைக்கு வெள்ளை அடித்தார். போட்டோவில் பளிச்சென்று விழுமாம். கரிசல் புழுதி ஒரே மாதத்தில் அதை டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்தது. பந்தியை வேகமாக எழுப்பிப் பழகியவர் அவர். பிள்ளைகள் யோசித்து நிற்பதால் வரிசை தேங்குகிறது என்று காதுப் படிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். வேறு வழி இல்லாவிட்டால் சறுக்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரி என்றே பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடத்துப் பையன் ஒருவன் மேடையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

“ஏலே, சறுக்குலே!” என்று கீழிருந்து அவன் அம்மா கத்தினார்.

“நீ வந்து சறுக்கு!” என்று மேலிருந்து பதில் வந்தது.

வரிசை வாலில் நிரம்பி, வாசல் தாண்டி, ஐஸ் வண்டி வரைக்கும் போய்விட்டது. முதலாளியே சாவியோடு ஓடிவந்து பூட்டைத் திறந்தார். பையன் காதுப் படியில் இறங்கினான். இறங்கிய வேகத்தில் வரிசையின் கடைசியில் போய் நின்றான். மறுபடி ஏறிவந்து, கேட்பதற்கு முன்னாலேயே ‘ஊ’ என்று கத்திக்கொண்டு சறுக்கினான். படி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்குச் சறுக்கத் தைரியம் வருகிறது. இது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஈரத் தலையோடு அவன் முதலாளியிடம் சொன்னது:

“அப்பமே பூட்டத் திறந்திருந்தா, இதுக்குள்ள ரெண்டு மட்டம் சறுக்கிருப்பேம்லா?”

நீல யானை

மூன்றாவதாக வாங்கியவர்கள் மதுரையிலிருந்து மூன்று மச்சினர்கள். ஒருவர் விசில் ஊது என்பார், அடுத்தவர் விசிலைப் பிடுங்கிக்கொள்வார், மூன்றாமவர் விசில் எங்கே என்று கேட்பார். மூவரும் ஒத்துப்போனது இரண்டே விஷயத்தில்: யானைக்கு நீலம், பூங்காவுக்கு நாக்கில் நிற்காத ஓர் இங்கிலீஷ் பெயர். சாலை நெடுக போர்டு வைத்தார்கள்.

மூத்த மச்சினர் ஒருநாள் கார் ரிப்பேராகி டவுன் பஸ்ஸில் வந்தார். பூங்கா நிறுத்தம் வந்ததும் கண்டக்டர், “எலுமிச்சங்கா பார்க்லாம் இறங்கு!” என்று குரல் கொடுத்தார். மச்சினருக்குக் கோபம். அது பழைய பெயர், யானைகூட இப்போது மஞ்சள் இல்லை, நான்தான் ஓனர் என்று இங்கிலீஷ் பெயரைச் சொல்லிக் காட்டினார். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்துவிட்டு, படியில் தொங்கியபடியே சொன்னாராம்:

“பேரு வைக்கதுக்கு முன்னாடி எங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. கூப்பிடுதது நாங்கதான?”

நிறம் அடிக்காதவர்

போன மாதம் நான்காமவர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. யானையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குழாய் குழாயாகச் சுற்றி இறங்கும் உயரமான சறுக்குக் கோபுரம் வைக்க ஆசை. அதற்கு ஆட்கள் கம்பெனியிலிருந்தே வருவார்களாம். ஜேசிபி வாசலில் வந்து நின்றது. ஆனாலும் அவருக்கு மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை. தன் மகளைக் கூட்டிவந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கும் பாப்பா.

“அக்கா, இவ சறுக்கி வந்தா யானை நிக்கட்டும். படியில இறங்கிட்டா, எம்பிள்ளைக்கே பிடிக்காதத ஊரார் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவேன்? இடிச்சிருதேன். அவட்ட இதச் சொல்லாதிய.”

பாப்பா வாலில் ஏறி வந்து உட்கார்ந்தாள். தும்பிக்கையைப் பார்த்தாள். காலைத் தண்ணீரில் வைத்தாள், எடுத்தாள். கீழே மோட்டார் அறை வாசலில் நின்ற முருகையா அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். “ஏட்டி, லேசா ஒரு தட்டு! மிச்சத்தத் தண்ணி பாத்துக்கிடும்!”

என் கை அவள் முதுகுக்கு அருகில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் நான் நின்ற இடத்தைக் கவனித்தேன். காதுப் படியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒதுங்கினேன்.

“சறுக்கும் இருக்கு, படியும் இருக்கு. உன் இஷ்டம்” என்றேன்.

“சறுக்குனா?”

“தண்ணில விழுவ.”

“படில போனா?”

“தரையில நிப்ப.”

“நீங்க ஏசுவீங்களா?”

“யாரும் ஏச மாட்டாங்க.”

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். கீழே அவள் அப்பா எதையும் காட்டிக்கொள்ளாமல் வேறெங்கோ பார்த்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

நிலம், கிணறு, மோட்டார், யானை, பெயர் என்று எல்லாம் கைமாறிக்கொண்டே இருந்தும், மேடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இஷ்டத்தை மட்டும் எந்தக் கிரயப் பத்திரத்திலும் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாப்பா எழுந்து, காதுப் படி வழியாக இறங்கினாள்.