வலது பக்கம் ஓட்டிப் பழகிய கதை

என் மனைவி வாழ்க்கையில் என்னிடம் கேட்டவை குறைவு. கேட்காமலேயே எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதனால் வியட்நாமுக்கு டிக்கெட் எடுத்த அன்று, சாம்பார் கரண்டியும் கையுமாக வந்து அவள் ஒன்று கேட்டபோது நான் யோசிக்காமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

"இன்னாங்க, அங்க பைக்கு வாடகைக்கு எடுத்துக்கினு மலை, கடலுன்னு ஒரு நாள் ஃபுல்லா சுத்துறாங்களாமே. நாமளும் போலாமா? நீங்க ஓட்டணும், நான் பின்னாடி உக்காரணும். நடுவுல ஒன்னும் இருக்கக்கூடாது."

"நடுவுல இன்னா இருக்கப்போவுது?"

"இத்தினி வருசமா இன்னா இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அரிசி மூட்டை. மகள். மகள் வளர்ந்த பிறகு மகளின் ஸ்கூல் பை. தீபாவளிக்கு முந்தைய வாரம் பட்டாசுப் பெட்டி. ஒருமுறை பழுது பார்க்கக் கொண்டுபோன கிரைண்டர். கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூருக்கு வாழ வந்தவள், ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் ஏதோ ஒரு சுமையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் பயணம் செய்திருக்கிறாள். நியாயமான கோரிக்கைதான். சரி என்றதோடு நிறுத்தியிருக்கலாம். "மலையா? மலையெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்றும் சேர்த்துக்கொண்டேன். நான் அதுவரை வண்டியில் ஏறிய ஒரே மலை, அம்பத்தூர் ரயில்வே மேம்பாலம்.

அன்று சாயங்காலமே அந்த மலைப்பாதையின் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். பாதை பாம்பு போல என்று சொல்ல மாட்டேன். பாம்பு கூட அவ்வளவு வளைந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். இதற்கே பாதி உயிர் போயிற்று. மீதி உயிர், அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுவதைக் கவனித்தபோது போயிற்று.

அதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடும்போது மட்டும் சாப்பிட்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஸ்டோர்ஸில் சாமான் எடுக்கப் போனால்கூட ரேக்குகளுக்கு நடுவே வலது ஓரமாக நடந்து பழகினேன். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தால் தைரியம் வருகிறதா என்று பார்த்தேன். வியர்வைதான் வந்தது. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸ் புத்தகத்தை ஆர்டிஓ ஆபீசில் வாங்கிக்கொண்டு வந்தபோது, அதைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று மனதுக்குள் ஓர் ஏக்கம்.

என் பீதியை முதலில் மோப்பம் பிடித்தவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கிக்கொண்டு வந்தவன், கவசத்தோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா மாமே, பேப்பர் படிக்கவே இவ்ளோ சேஃப்டியா?"

"வலது பக்கம் ஓட்டணும்டா. அதான் கொஞ்சம் யோசனையா கீது."

"அட, இதுக்கா? ராங் ரூட்ல ஓட்டத் தெரியாதவன் நம்ம ஊர்ல எவன் கீறான்? நீ பொறந்ததுலேர்ந்து ட்ரெயினிங்ல தான் மாமே கீறே. கெளம்பு, நெமிலிச்சேரி பக்கம் ஒரு ரவுண்டு வுட்டு வர்லாம்."

அவன் பின்னால் உட்கார, நான் ஓட்ட, நெமிலிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சாலைக்குப் போனோம். அங்கே துணிந்து வலது பக்கம் ஏறினேன். பிறகு நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். அந்தச் சாலையில் இட்லிக் கடை, டீக்கடை, கறிக்கடை எல்லாம் என் இடது கைப்பக்கம் வரிசையாக இருந்தன. எதிரே வருகிறவர்கள் அங்கே போக வேண்டுமானால் கடைக்கு நேராக வந்து திரும்பலாம். ஆனால் அவ்வளவு பொறுமை நம் ஊரில் யாருக்கு? தூரத்திலேயே அந்தப் பக்கம் தாவி, ஓரமாகவே ராங் ரூட்டில் வந்துகொண்டிருந்தார்கள். நான் வலது பக்கம், எதிரே வந்த அத்தனை பேரும் எனக்கு இடது பக்கம். வியட்நாம் சட்டம் நெமிலிச்சேரியில் கொஞ்ச நேரம் அமலில் இருந்தது. ஒரு ஹார்ன் சத்தம் இல்லை. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர்தான் சட்டப்படி வந்தார். ஹெல்மெட், கண்ணாடி, இண்டிகேட்டர் சகிதம், தன் பக்கத்திலேயே வந்து என் சக்கரத்துக்கு நேர் எதிரே நின்றார்.

"யோவ், கண்ணு தெர்ல? ராங்ல வந்துகினு கீறே!"

நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், எல்லாரும் ஒயுங்காத்தானே போய்கினு கீறாங்கோ, நீங்க மட்டும் இன்னாத்துக்கு நடுவுல வந்து நிக்கிறீங்கோ?"

அந்த மனிதர் தன் வாழ்க்கையையே சந்தேகப்படுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். மச்சான் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சுக்காதே அண்ணாத்தே, அவரு வியட்நாம் போறாரு" என்றான். எல்லாம் விளங்கியதுபோல அவர் தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்.

பயிற்சி வெற்றி என்று மச்சான் அறிவித்துவிட்டான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வியட்நாமில் எல்லோரும் அந்த ஒருவரைப் போல இருந்துவிட்டால்?

வியட்நாமின் கடற்கரை நகரமான டா நாங்கில் இறங்கினோம். ஹோட்டல் வாசலில் நின்று சாலையைப் பார்த்தேன். ஸ்கூட்டர்கள் மீன் கூட்டம்போலப் போய்க்கொண்டிருந்தன. என் கால்கள் யாரோ வாடகைக்கு விட்டவைபோல நின்றன. மறுநாள் காலையில் வண்டி எடுப்பதாகத் திட்டம். மனைவி ஊரிலிருந்தே எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். புது வண்டியோ வாடகை வண்டியோ, சக்கரத்துக்கு அடியில் பழம் நசுங்காமல் நாங்கள் நகர்ந்ததில்லை. நான் ஒரு முதுகுப் பை தயார் செய்திருந்தேன்: மழைக்கோட்டு, மருந்து, கட்டுத்துணி, ஒரு ஸ்பார்க் பிளக்.

ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே வண்டிக்கடை. காலையில் போனோம். கடையில் இருந்த பெண் என் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினாள், செல்போனில் ஏதோ பேசி அதை ஆங்கிலமாக்கி என்னிடம் நீட்டினாள். இந்த வகைப் புத்தகம் அவர்கள் ஊரில் செல்லாதாம். பெரிய வண்டி தர மாட்டாளாம். மலைக்குப் போக வேண்டுமானால் அவர்கள் ஆட்கள் ஓட்டுவார்கள், ஆளுக்கொரு வண்டியில் நாங்கள் பின்னால் உட்காரலாம். அல்லது லைசென்ஸ் தேவைப்படாத ஐம்பது சிசி குட்டி ஸ்கூட்டர், கடற்கரைச் சாலைக்கு மட்டும்.

உள்ளுக்குள் எனக்கு மேளதாளம். வெளியே முகத்தை எவ்வளவு தொங்கவிட முடியுமோ அவ்வளவு தொங்கவிட்டேன். "ச்சே! எவ்ளோ ஆசையா வந்தோம்!" என்று ஸ்டாண்டில் நின்ற பெரிய வண்டியின் டாங்கைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

"போதும்" என்றாள் மனைவி. "செல்லாதுன்னு அவ சொன்னதும் உங்களுக்குக் கடவாப்பல்லு வரிக்கும் தெரிஞ்சிச்சு."

"எனக்கா? நான் வருத்தத்துல..."

"கவசம் போட்டுக்கினு டீ குடிச்சதுலேர்ந்து பாத்துக்கினுதான் வரேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் தப்பித்த சந்தோஷத்தில், அவள் கேட்ட ஒன்றும் கைவிட்டுப் போவதைக் கவனிக்கவில்லை.

"அவங்க ஆளுங்க ஓட்டட்டுமே. மலையாவது பாக்கலாம்" என்றேன், இந்த முறை நிஜமாகவே.

"மலைய பஸ்ல வர்றவங்களும்தான் பாக்கறாங்க. எவன் பின்னாடியோ உக்காரவா இவ்ளோ தூரம் வந்தேன்?" அவள் குட்டி ஸ்கூட்டரைக் காட்டினாள். "அத்த எடுங்க. அத்தயாவது ஓட்டுவீங்கல்ல?"

ஓட்ட மாட்டேன் என்று சொல்லுகிற தைரியமும் எனக்குக் கிடையாது.

எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். கடைப்பெண் ஓடிவந்து, கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். நன்றி சொல்லி மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்துக் கொடுத்தாள், இந்த முறை கொஞ்சம் கவலையோடு. கடைசியில் மனைவி அவள் இரண்டு கைகளையும் அன்பாகப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கொடுக்க, நான் அவசரமாகப் பழத்தின்மேல் ஏற்றினேன். நசுங்கிய பழத்தை அந்தப் பெண் பார்த்த பார்வையில், எனக்கு வண்டி கொடுத்தது தப்போ என்ற கேள்வி இருந்தது. எனக்கும் அதே கேள்விதான்.

"பைய கழட்டுங்க" என்றாள் மனைவி. முதுகுப் பையை வாங்கிக் கடையிலேயே வைத்தாள். பிறகு, என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து முதல் முறையாக, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். சுடிதார் அதற்காகவே போட்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கிளம்பினோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹோட்டல்கள். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த என் விரல்கள் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முதுகில் தட்டி, "ரைட்டு, ரைட்டு" என்று பஸ் கண்டக்டர்போல நினைவூட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களை முந்திப் போனார்கள். காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டியம்மாள் முந்திப் போனார்.

"கடலு எப்டி கீதுன்னாச்சும் பாருங்க."

"நீ பாத்துச் சொல்லு. நான் ரோட்டப் பாக்கறேன்."

அவள் பார்த்துச் சொன்னாள். படகு கூடை மாதிரி வட்டமாக இருக்கிறதாம். தண்ணீர் பச்சையாம். அந்த மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, என் முதுகில் தாடையை வைத்துக்கொண்டாள். ஸ்பார்க் பிளக் எல்லாம் இருந்திருந்தால் அதற்கு இடமிருந்திருக்காது.

திரும்பும் வழியில் ஒரு சந்தையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாள். மச்சான் குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டுக்கு, மகளுக்கு என்று வாங்கி, ஒரு பெரிய மூட்டையோடு வந்தாள். நான் வழக்கம்போல சீட்டில் அதற்கு இடம் விட்டு முன்னால் தள்ளி உட்கார்ந்தேன்.

"நடுவுல வெக்காதீங்க" என்றாள். மூட்டையை என் காலடியில் திணித்தாள்.

கால்களை அகட்டி, மூட்டைக்கு இரண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அந்த நொடியில் பயம் போயிற்று. ஊரில் எத்தனை கேஸ் சிலிண்டர்களை இப்படிக் கொண்டுபோயிருப்பேன்! உடம்புக்கு ஊர் வந்துவிட்டது. முதல் முறையாகத் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தேன். பச்சைதான். சத்தமாகப் பாடக்கூட ஆரம்பித்தேன்.

முதுகில் ஓர் அடி விழுந்தது. எதிரே ஒரு லாரி விளக்கை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் நிம்மதியாக, ஒய்யாரமாக, இடது பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.