ஆற்றைத் தாண்டிய நிலக்கரி

ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. மெல்போர்னிலிருந்து சிவநேசன் பேசினார். தில்லை மாஸ்டருக்குப் பக்கத்து வீட்டுக்காரர். போன வருடம் சிட்னிப் பக்கம் பரமட்டாவுக்குக் குடிவந்த என்னை அவர் அழைத்ததே இல்லை.

"அக்கா, தில்லை மாஸ்டர் மோசம் போயிட்டார். விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவர். கதிரையிலை இருந்தபடியே போயிட்டார்."

"ஐயோ, என்ன சொல்றீங்க? போன வாரம்தான் அவர்கிட்டேர்ந்து கடிதம் வந்துச்சு" என்றேன். கடிதம் எழுதுகிறவர்கள் சாக மாட்டார்கள் என்பது போல. அடுப்பை அணைத்தேன்.

நம் சங்கத்தின் இந்த மடலைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். மெல்போர்னில் வரைபடம் வரைந்தவர். குளிர்காலத்தில் இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருகிறவர். "ரஷ்யாவுக்குக் கரி குடுத்தவர்" என்று நீங்கள் அவருக்கு வைத்த பட்டமும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டத்துக்கு உரிய ஆள் அவர் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மெல்போர்னில் ஒரு பாடநூல் நிறுவனத்தின் வரைபட அறையில் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடங்களுக்கான அட்லஸ் தயாரிப்பதுதான் வேலை. அவர் தகவல் தேடி ஆறு, மலை, எல்லைகளை வரைவார். நான் ஒட்டுவேன். ஊர்ப்பெயர்களும், நிலக்கரி, எண்ணெய், கோதுமைக்கான சின்னங்களும் மெல்லிய படச்சுருளில் அச்சாகி வரும். அவற்றைக் கத்தியால் நறுக்கி, பின்புறம் மெழுகு தடவி, வரைந்த தாளின் மேல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். சமையலறையில் கடுகு பொறுக்கிய கைக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் கண்ணாடி வாங்கினேன்.

சீனாவுடன் ஆஸ்திரேலியா உறவு கொண்டாடத் தொடங்கிய சமயம் அது. பள்ளிக்கூடங்கள் சீனாவைப் பற்றிப் புதிய பாடம் கேட்டன. நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹெய்லோங்ஜியாங் மாகாணம் மாஸ்டர் மேசைக்கு வந்தது. வேறு யாருக்கும் அது வேண்டாம். வாயில் நுழையாத பெயர், கிடைக்காத தகவல். அவருக்கோ பெண் பார்த்துவிட்டு வந்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, இஞ்சை பாரும். வருஷத்திலை அஞ்சு மாசம் ஆறு உறைஞ்சு கிடக்கும். ஆனா அந்த மண்ணைப் பாரும், கறுப்பு. சோயா, கோதுமை, சோளம், எல்லாம் விளையும்."

"எங்க கோவில்பட்டியிலயும் கறுப்பு மண்ணுதான் சார்" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"ஓம், ஆனா உங்கடை கறுப்பு வேறை. அங்கை எத்தினையோ ஆயிரம் வருஷமாப் புல்லு மக்கி மக்கிக் கறுத்தது. உங்கடை மண்ணிலை பருத்தி வரும். அங்கை போய்ப் பருத்தி விதைச்சீர் எண்டால் குளிரிலை விறைச்சுப்போம்."

அந்த மாகாணத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஜப்பானிய ரயில் வரைபடங்களைப் பார்த்தார். வானொலிச் செய்திகளின் மொழிபெயர்ப்புகளைப் படித்தார். கிங்கான் மலைக் காடுகளில் வெட்டும் மரம் எந்த ஆற்றில் மிதந்து எந்த ஊர் ஆலைக்குப் போகிறது என்பதைத் தன் சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழி போலச் சொல்வார். சீனர்கள் ஆஸ்திரேலியாவிடம் கப்பல் கப்பலாகக் கோதுமை வாங்குகிறார்கள், ஆனால் அங்கேயே சதுப்பு நிலங்களை வடித்துக் கோதுமைப் பண்ணை போடுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய வியப்பு. ஒருநாள் சீனக் கடைத் தெருவில் சோயா வாங்கி, ஊறவைத்து அரைத்து, வடை சுட்டுக்கொண்டு வந்தார். தனியாக இருந்த ஆண்பிள்ளை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். அந்த வடையை என்னால் கடிக்கவே முடியவில்லை. "மாகாணத்தின்ரை முக்கிய விளைபொருள், மரியாதையாச் சாப்பிடும்" என்று மிரட்டினார். பிறகு அவரே ஒன்றைக் கடித்துவிட்டு, மீதியை ஜன்னல் வழியாகப் புறாக்களுக்குப் போட்டார். அவையும் தொடவில்லை.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. ஒரே ஒரு மூலத்தில் கிடைத்த தகவலைப் பென்சிலால் மட்டும்தான் குறிப்பார். அந்த மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தனியாக அதையே சொல்லியிருந்தால்தான் மை தொடுவார். "ஒருத்தர் சொன்னால் பென்சில், ரெண்டு பேர் சொன்னால் மை" என்பார். அந்த மாகாணத்தின் பெரிய எண்ணெய் வயல் எங்கே இருக்கிறது என்பதைச் சீனா வெகுகாலம் வெளியே விடவில்லை. அதைக் குறித்த பென்சில் வட்டம் மாதக்கணக்கில் தாளில் கிடந்தது. எங்கள் மேலாளர் தினமும் வந்து அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மாஸ்டர் அசையவில்லை. மேற்கு எல்லை விஷயத்தில் மட்டும் தோற்றார். சீனாவின் உள் மங்கோலியப் புல்வெளியைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மாகாணத்தோடு சேர்த்திருந்தார்கள். "இதைத் திருப்பிக் குடுத்திடுவினம், பென்சிலாய் இருக்கட்டும்" என்று கெஞ்சினார். பென்சிலில் அச்சடிக்க முடியாது என்று மேலாளர் மை போட வைத்தார். இப்போது அந்தப் புல்வெளி திரும்பப் போய்விட்டது என்று செய்தி. அவர் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் முழுக்க அந்தச் சந்தோஷம்தான்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

ஒரு ஜனவரி மாதம். மெல்போர்ன் வெயில் எப்படிக் கொளுத்தும் என்று உங்களுக்கே தெரியும். வரைபட அறையில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள். ஹெய்லோங்ஜியாங் தாளைக் காலையிலேயே மாஸ்டர் சரிபார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன்பின் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒட்டிய ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாளை வைத்து, வழவழப்பான எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்போதுதான் மெழுகு பிடிக்கும். பிறகு தாளை இழுப்பறையில் படுக்கையாக வைக்க வேண்டும். வரைபடத்தின் வடக்குப் பகுதி எட்டாது என்பதால் தாளைத் தலைகீழாகத் திருப்பிச் சாய்வு மேசையில் வைத்திருந்தேன். அது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்தான். மூன்று மணிக்கு, வெயிலால் ரயில்கள் நிற்கப் போகின்றன என்று வானொலியில் சொன்னார்கள். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் தேய்க்கவில்லை. இழுப்பறையிலும் வைக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் நான் வருவதற்குள் தாள் புகைப்படப் பிரிவுக்குப் போய்விட்டது. கையெழுத்துதான் இருக்கிறதே.

அட்லஸ் அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போனபின் ஒரு நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. சீனாவின் ஹெகாங் நிலக்கரிச் சுரங்கம் எல்லை ஆற்றைத் தாண்டி சோவியத் மண்ணில் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தார். வெயிலில் மெழுகு இளகி, தலைகீழாகக் கிடந்த தாளில் நிலக்கரிச் சின்னம் மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தத் தாளில் கீழே என்றால் வடக்கு. அந்த எல்லை ஆறுகளின் கரையில் இரண்டு நாட்டுப் படைகளும் கொஞ்ச வருடங்களுக்கு முன்னர்தான் சுட்டுக்கொண்டிருந்தன. நிறுவனத்துக்குப் பெரிய தலைக்குனிவு. எல்லாப் பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். தாளை மேசையில் விரித்து, இது யார் வேலை என்று கேட்டார். எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. என் கணவர் அப்போது படித்துக்கொண்டிருந்தார், வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான். நான் பேசுமுன் மாஸ்டர் சொன்னார், கையெழுத்து தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவரைக் கிடங்கில் புத்தகம் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. அந்த மாதம் தருவதாகச் சொல்லியிருந்த கடிதத்தை மேலாளர் தரவில்லை. புது மேலாளர் வந்து, அவரைத் திரும்ப மேசைக்கு அழைத்து, கடிதம் கொடுத்து, அவர்கள் இருவரும் வந்து இறங்க ஒன்றரை வருடம் கூடுதலாயிற்று. விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். ஆறு வயது வதனி தாயின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் குனிந்து கையை நீட்டியதும், "மாமா, நீங்களோ எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்கள்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. தன் பிழை என்றே அவர் நம்புகிறார் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பொங்கல் கூட்டத்தில் யாராவது, "என்ன மாஸ்டர், இந்தக் கிழமை ரஷ்யாவுக்கு எவ்வளவு கரி அனுப்பினனீங்கள்?" என்று கேட்டால், "கப்பல் இன்னும் வரேல்லை" என்பார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மெல்போர்ன் நோபல் பார்க்கில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், அவர் மனைவி பரமேஸ்வரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், ரயில், தேய்க்காமல் ஓடியது, மேலாளர் அறையில் வாயை மூடிக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒண்டரை வருஷம், ஜானகி."

"ஆமா அக்கா."

"என்ரை பிள்ளை தகப்பனை மாமா எண்டு கூப்பிட்டது."

எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர்தான் எழுந்து உள்ளே போனார். அந்த அட்லஸோடு திரும்பி வந்து, ஹெய்லோங்ஜியாங் பக்கத்தை விரித்தார். மாஸ்டரின் சொந்தப் பிரதி. மேற்கு எல்லையை அண்மையில்தான் பென்சிலால் அடித்துவிட்டிருந்தார். நிலக்கரிச் சின்னத்திலிருந்து ஆற்றைக் கடந்து தெற்கே ஓர் அம்புக்குறி. அதன் பக்கத்தில் அவருடைய சிறிய எழுத்து, அதுவும் பென்சிலில்: "தாள் தலைகீழ். வெயில். தேய்க்கவில்லை."

அவ்வளவுதான். பெயர் இல்லை.

"இது என்னெண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன். 'ஒருத்தர் சொன்னது, இன்னும் பென்சில்தான்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார்" என்றார் பரமேஸ்வரி அக்கா. 

மாஸ்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்றையும் வரிசை தப்பாமல் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அங்கேயே அந்தப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து அழுதேன். அக்கா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்து நிமிர்ந்தபோது மாஸ்டரின் மைப்பேனாவை என் முன்னால் வைத்தார்.

"எழுதும். எங்கடை சங்கத்து மடலிலையும் எழுதும். அவருக்கு வேலை தெரியாதெண்டு கதைச்ச ஆக்கள் எல்லாரும் படிக்கட்டும்."

உங்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும், கம்பளிச் சட்டைகள் நினைவிருக்கும். எனக்கு மிஞ்சியது அந்த மூன்று வரிகள். அவற்றின் மேல், அவர் எழுத்து கோணாமல், ஒவ்வோர் எழுத்தாக நான் மை போட்டேன். இரண்டு பேர் சொன்னால் மை. இரண்டாவது ஆளான நான் இத்தனை வருடம் அவர் எதிர் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.