டேங்க்கை எரித்தவர் அவரில்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'பட்டாளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்து மூன்று. ஒப்பந்தக் கம்பெனி மூலமாக வந்து, பதினோரு வருஷமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். வலது காலை லேசாக இழுத்து நடப்பார். எக்ஸ்ரே அறைக்குப் போகும் சரிவில் இறங்கும்போது, தான் முன்னால் நின்று பின்பக்கமாகவே நடந்து இறங்குவார். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இளவயதில் ராணுவத்தில் இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் வாயைத் திறந்ததில்லை.

நான் பதிவறையில் இருக்கிறேன். பழைய நோயாளிகளின் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெயர், அப்பா பெயர், எண் மூன்றும் பொருந்தாமல் ஒரு தாளைக்கூட வெளியே விடமாட்டேன். டாக்டர்களே என்னைத் திட்டுவார்கள். அப்படிப்பட்ட நான்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில், டீ ஆறுவதற்குள், அதை அனுப்பித் தொலைத்தேன்.

போனில் வந்த படத்தில் பட்டாளம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்ட்ரெச்சர் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கீழே இப்படி எழுதியிருந்தது: "இந்த முகம் யாருக்காவது தெரியுமா? ஆற்றுப் பாலத்துச் சண்டையில், செங்கல் சூளைக்குப் பின்னால் தனியாளாக நின்று மூன்று டேங்க்குகளை எரித்த மாவீரன். ஒரு காலை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு மரக்காலோடு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். வீரப்பதக்கம் வாங்கியவர். நடிகர் படமென்றால் பகிர்வீர்கள், இதைப் பகிர மாட்டீர்கள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பட்டாளமா! எங்கள் ஊழியர் குழுவில் போட்டேன், சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன், பிள்ளையின் பள்ளிக்கூடக் குழுவிலும் போட்டேன்.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரியே தலைகீழாகிவிட்டது. நர்சுகள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னார்: "அது நானில்ல." சொல்லச் சொல்ல எல்லோருக்கும் மரியாதை கூடியது. "எவ்வளவு தன்னடக்கம் பாரு!" என்றார்கள். சாயங்காலம் வந்த அடுத்த பதிப்பில் கடைசி வரியாக அதுவும் சேர்ந்திருந்தது: "கேட்டால் 'அது நானில்லை' என்பார். அதுதான் மாவீரனின் அடக்கம்."

செவ்வாய்க்கிழமை அவர் பதிவறைக்கே வந்தார். வாசலில் நின்றபடி கேட்டார்.

"நீங்களும் அனுப்பினீங்களாம்மா?"

"ஆமாண்ணே. பெருமையா இருந்துச்சு."

"அதுல என் மூஞ்சி மட்டும்தாம்மா நெசம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. நரம்பு புடைத்த சாதாரண மனிதக் கால்.

"எட்டு வருஷம் முன்னாடி இங்கதாம்மா மாடிப்படியில வழுக்கி விழுந்தேன். நானே துடைச்சுவிட்ட ஈரத்துல. என் ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு? பாருங்க."

அவர் எதிரிலேயே எடுத்துப் பார்த்தேன். 'வலது முழங்கால், படிக்கட்டில் வழுக்கியது.' மூன்றாவது அலமாரி, கை எட்டும் தூரம். இரண்டு நிமிஷ வேலை. ஃபைலை மூடியபோது என் காது சுட்டது.

"வீட்டுக்காரி வேற உயிரை எடுக்கிறா," என்றார். "'முப்பத்தெட்டு வருஷமா உனக்குப் பொங்கிப் போடுறேன். மூணு டேங்க்கை எரிச்சதை எங்கிட்ட மறைச்சுட்டியே, இன்னும் என்னென்ன மறைச்சிருக்க?'ன்னு கேக்குறா."

புதன்கிழமை கண்காணிப்பாளர் சுற்றறிக்கை அனுப்பினார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் மாவீரனுக்குப் பாராட்டு விழா.

வியாழக்கிழமை காற்று திசை மாறியது. முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பதக்கப் பட்டியலில் இப்படி ஒரு ஆளே இல்லை, இது ஆள்மாறாட்டம், விளக்கம் கிடைக்காவிட்டால் போலீசுக்குப் போவோம் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தின் நகலும் யாரோ ஒருவர் தயவில் போன் போனாகப் பறந்தது. திங்கட்கிழமை அவரோடு படம் எடுத்துக்கொண்டவர்களே, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று பேச ஆரம்பித்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக் கம்பெனி மேற்பார்வையாளர் அவரிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விழாவை மட்டும் கண்காணிப்பாளர் நிறுத்தவில்லை. மாவீரனாவதற்கு ஒரு நாள் ஆனது. மோசடிக்காரனாவதற்கு அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. இரண்டையும் அவர் செய்யவில்லை.

சங்கச் செயலாளருக்கு நானே போன் போட்டேன். கரகரத்த குரல்.

"வாங்காத பதக்கத்தை வாங்கினேன்னு சொல்லிக்கிறது, செத்தவன் சட்டையை உருவிப் போட்டுக்கிற மாதிரிம்மா. நாங்க விடமாட்டோம்."

"அவர் சொல்லிக்கல சார். மத்தவங்க சொன்னது."

"அப்போ சொன்னவனைக் கொண்டா."

வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு அனுப்பியவர் மருந்தகக்காரர். அவருக்கு ஆம்புலன்ஸ் டிரைவர். டிரைவருக்கு அவர் மச்சான். மச்சானுக்கு அனுப்பியது கடைத்தெருவில் கைபேசிக் கடை வைத்திருப்பவர். நாலாவது வாசலில் நூல் முடிந்தது. கடைக்காரரின் அப்பா போன மாதம் எங்கள் வார்டில் படுத்திருந்தவர்.

"அவர்தாங்க எங்கப்பாகிட்ட பாலத்துச் சண்டையைப் பத்திச் சொன்னாரு," என்றார் கடைக்காரர், ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே. "டேங்க்கை எரிச்ச ஒருத்தரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாராம். நான் கொஞ்சம் சேர்த்துக்கிட்டேன்."

"கொஞ்சம்னா?"

அவர் கண்ணாடியை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "கால். பதக்கம். டேங்க் ஒண்ணுதான், மூணாக்கினேன். அப்புறம்... தூக்கிட்டு வந்தவரையே எரிச்சவரா ஆக்கிட்டேன். அப்படியே போட்டா யாருங்க படிப்பாங்க? நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்."

"அந்த நல்ல எண்ணத்தால அவருக்கு வேலை போயிருச்சு."

அவர் முகம் செத்துப்போனது. நான் கேட்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அங்கிருந்து பட்டாளத்தின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, தடுப்புக்கு ஒரு பீரோ. அவருடைய ராணுவ விடுவிப்புப் புத்தகத்தை அவர் மனைவி துணிமணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓரம் செல்லரித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. கள மருத்துவப் பிரிவு, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், பாலத்துச் சண்டையில் பதினான்கு நாள். பதக்கம் என்ற இடத்தில், போருக்குப் போன அத்தனை பேருக்கும் கொடுத்த ஒன்று மட்டும். பெயர், அப்பா பெயர், எண் மூன்றையும் சரிபார்த்தேன். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வரமாட்டேம்மா," என்றார்.

"வரலைன்னா தப்பு செஞ்சவன்னு முடிவு கட்டிருவாங்கண்ணே."

அப்போதுதான் என் போன் அடித்தது. பட்டாளத்தைப் பற்றிக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அழைப்பை எனக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். பெண் குரல், வயதானது.

"அந்தப் படத்துல இருக்கிற ஆள் நாளைக்கு அங்க இருப்பாரா?"

"நீங்க யாரும்மா?"

"செங்கல் சூளைக்குப் பின்னால நின்னு டேங்க்கை எரிச்சது எங்கண்ணன். அங்கயே செத்துப்போனான். பதக்கம் எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. எங்கண்ணன் செஞ்சதைத் திருடினவன் மூஞ்சியை ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

வைத்துவிட்டார். கேட்டதைப் பட்டாளத்திடம் அப்படியே சொன்னேன். போலீசுக்கு அவர் பயந்ததில்லை, இதற்குப் பயந்தார். ஆனாலும், "வரேன்" என்றார்.

சனிக்கிழமை காலையிலேயே கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் தாள்களை மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரையும் கூப்பிட்டாச்சேம்மா. எந்தச் சண்டை, எத்தனை டேங்க்குன்னு விளக்கமெல்லாம் வேண்டாம். அவர் அடக்கமா ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கட்டும். சங்கத்துக்காரங்களை நான் பாத்துக்கிறேன்."

கூட்ட அறை நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் சங்கச் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட புகைப்படம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடையில் பட்டாளம் சலவைச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த அம்மாவை மட்டுமே பார்த்தார்.

கண்காணிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "தன் வீரத்தைத் தானே மறைக்கும் ஒரு மாமனிதர்..." என்று ஆரம்பித்தார்.

செயலாளர் எழுந்துவிட்டார். "எந்த வீரம்? என்ன பதக்கம்? காட்டச் சொல்லுங்க!"

அறையில் சலசலப்பு. யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். பட்டாளம் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, கண்காணிப்பாளரின் கையிலிருந்தே மைக்கை வாங்கினார்.

"எங்கிட்ட அந்தப் பதக்கம் இல்ல. நான் யாரையும் சுடல, எதையும் எரிக்கல. ஸ்ட்ரெச்சர் தூக்கினவன். முன்னால ஒருத்தன், பின்னால நான். பதினாலு நாள்ல எத்தனை பேரைத் தூக்கினேன்னு எண்ணல. சூளைக்குப் பின்னால டேங்க்கை எரிச்ச ஆளையும் தூக்கினேன். அது அவர் செஞ்சது, நான் செஞ்சதில்ல. இதை அஞ்சு நாளாச் சொல்றேன், ஒருத்தரும் காதுல வாங்கல."

நான் முன்வரிசைக்குப் போய் விடுவிப்புப் புத்தகத்தையும் கடைக்காரரின் தாளையும் செயலாளர் கையில் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எண்ணில் விரல் வைத்துப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"இவர் நம்ம ஆள்தான்," என்றார். "உண்மையான ஆள்."

ஆனால் பட்டாளம் அவரைக் கவனிக்கவில்லை. அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"அப்போ எங்கண்ணன் உங்க கையிலயா இருந்தான்?"

"ஆமாம்மா. வயித்துல அடி. அரை மணி நேரம் இருந்திருப்பாரு."

"அரை மணி நேரமா?" அவர் குரல் உடைந்தது. "அடிபட்ட உடனே உயிர் போச்சுன்னுதானே எங்களுக்குத் தந்தி வந்துச்சு. வலியில்லாமப் போனான்னு எங்கம்மா சாகிற வரைக்கும் நம்பிட்டு இருந்தாங்களே!"

அந்த இடத்தில் பட்டாளம் பேச்சை மாற்றியிருக்கலாம். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாவின் எதிரில் போய் நின்றார்.

"வலி இருந்துச்சும்மா. தண்ணி கேட்டாரு. வயித்துல காயம்னா குடுக்கக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. துணியை நனைச்சு உதட்டுல வச்சேன். அதுக்கு மேல குடுக்கல. பொழைச்சிருவாருன்னு நெனச்சேன். ரோட்டை எட்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"ஒரு மடக்கு குடுத்திருக்கலாம்," என்றார் அந்த அம்மா.

"குடுத்திருக்கலாம்."

பிறகு அந்த அம்மாவே கேட்டார், "வேற எதாவது சொன்னானா?"

பட்டாளம் சுற்றிலும் பார்த்தார். "ஓடும்போது ஸ்ட்ரெச்சர் குலுங்குச்சு. எங்க ரெண்டு பேரையும் கெட்ட வார்த்தையில திட்டினாரும்மா. சபையில சொல்ற மாதிரி இல்ல."

அந்த அம்மாவின் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டன. "அவன்தான்," என்றார். "எங்கண்ணனேதான்." புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் கதவைத் திறந்து போய்விட்டார். கண்காணிப்பாளர் பூங்கொத்தை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஒப்பந்தக் கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பதினேழு நாள் ஆனது. சங்கச் செயலாளர் மூன்று முறை நேரில் வந்து சத்தம் போட்ட பிறகுதான் அதுவும் நடந்தது. சங்கத்தில் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் உண்மையை எழுதி அனுப்பினார், நானும் நான் போட்ட எல்லாக் குழுக்களிலும் போட்டேன். பொய்க்குக் கண்ணீர் விட்டவர்களில் பாதிப் பேர் உண்மையைத் திறந்தே பார்க்கவில்லை. என் அத்தை மட்டும், "போன தடவை வந்ததுதான் நல்லா இருந்துச்சு" என்று பதில் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பட்டாளத்துக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செய்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு மழையா? காலில் பூட்ஸ் இருந்ததா? தாடி வைத்திருந்தானா? சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பதிவறை வாசலுக்கு வந்து நின்று பட்டாளம் பதில் சொல்வார். தெரிந்ததைத் தெரியும் என்பார், மறந்ததை மறந்துவிட்டது என்பார்.

போன வாரம் அவர் பேசியது என் மேசை வரைக்கும் கேட்டது.

"கண்ணை மூடிவிட்டது நானில்லம்மா. எங்களை உடனே அடுத்த ஆளைத் தூக்க அனுப்பிட்டாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லம்மா, நான்தான்னு சொல்லச் சொல்லாதீங்க. தெரியாதும்மா."