தேரிக்குச் சுற்றிப் போகும் வழி

திருப்பூருக்கு வந்த மூன்றாம் நாள், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், துணியைத் தப்பாக அடுக்கிய ஆளைப் பார்த்து கட்டிங் மாஸ்டர் சொன்னார்: "இன்னொருக்கா இப்படிப் பண்ணுனீங்கன்னா மூஞ்சியப் பேத்துப்போடுவனுங்க." கையிலிருந்த பீஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூஞ்சியைப் பேர்ப்பதற்குக்கூட ஒரு ‘ங்க’. வசவு வாங்கியவர் "சரிங்க மாஸ்டர்" என்றார். மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எனக்கு அது விளங்கவே இல்லை. நான் வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு சொல் விழுந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் யாருக்காவது ரத்தம் வந்திருக்கும். ஊரில் இருக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். ஊர் முழுக்க அப்படி இல்லை. எங்கள் குடும்பம் அப்படி.

உடன்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தேரிக்கும் நடுவில் எங்கள் ஊர். தேரி என்றால் இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. ரத்தம் காய்ந்த நிறத்தில் மைல் கணக்கில் மணல் மேடு. காற்றடித்தால் நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. ஓரங்களில் பனை. அந்தப் பனைகளில் பதினொன்று யாருக்கு என்பதில்தான் என் அண்ணன் தாசனுக்கும் சித்தப்பா மகன் ஜெபராஜுக்கும் பகை. முதலில் அடித்தது என் அண்ணன்தான். வேதக்கோயில் அசன விருந்தன்று, ஊர் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், சித்தப்பாவின் வாயிலேயே மிதித்தான். சோற்றில் பல் விழுந்தது. அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் காலையில் பஸ் ஸ்டாப்பில் வைத்து ஜெபராஜ் அண்ணனை வெட்டினான். பத்தடி தள்ளி டீக்கடையில் நான் கிளாஸும் கையுமாக நின்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டு தடவை. நான் நகரவில்லை. எல்லாம் முடிந்து ஜனங்கள் ஓடிவந்தபோது என் கிளாஸில் டீ தளும்பாமல் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா என் முன்னால் சோற்றுத் தட்டை வைத்தாள். பக்கத்தில் அண்ணனின் அரிவாளையும் வைத்தாள். "ரெண்டுல ஒண்ண எடு" என்றாள். நான் எழுந்து வெளியே போனேன். பிறகு கோர்ட்டில், கூண்டில் ஏறி நின்று, ஜெபராஜின் முகத்தைப் பார்க்காமல், "நான் பாக்கல சார்" என்றேன். பயம்தான், வேறு காரணம் இல்லை. அவன் விடுதலையாகி வெளியே வந்த அன்று அம்மா சொன்னாள்: "அவன் தலை விழாம நீ ஊருக்குள்ள காலெடுத்து வைக்காத." அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறினேன். பிழைக்க வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

பத்து வருடங்கள் போயின. செக்கிங், பேக்கிங் என்று ஏறி, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் மெயிலில் ஆர்டர் வரும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களே நேரில் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கள் முதலாளி பழனிச்சாமி காங்கேயத்துப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். ஒரு ஜனவரியில் டென்மார்க்கிலிருந்து லார்ஸ் என்ற பையர் மனைவி இங்காவுடன் வந்திருந்தார். வருடம் தவறாமல் எகிப்துக்குப் போவார்களாம். ஒரே பயணத்தில் கடல், பாலைவனம், பழைய கோயில் மூன்றும் கிடைக்குமாம். இந்தத் தடவை இந்தியாவில் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டார். முதலாளி ஊட்டி என்றார். லார்ஸ் சிரித்துத் தலையாட்டினார், மணல் வேண்டுமாம்.

"எங்க ஊருல இருக்கு சார்." சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்து வருடமாக யாரிடமும் பேசாத ஊரைப் பற்றி, டெசர்ட், ரெட் டெசர்ட் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அளந்தேன். வெறும் பெருமை. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பறமென்னுங்க தங்கராசு, நீங்களே பிளான் போட்டுருங்க. நாம எல்லாருமே போலாம்."

பிளான் போட்டேன். முதல் நாள் கடற்கரை ரிசார்ட். மாலையில் பனந்தோப்பில் சிலம்பாட்டம். இரண்டாம் நாள் ஜீப்பில் தேரி. மூன்றாம் நாள் ஆதிச்சநல்லூர், தாமிரபரணிக் கரைக் கோயில்கள். மேப்பில் பென்சிலால் வழி வரைந்தபோது கோடு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக விலகி, ஒரு பெரிய வளைவு போட்டது.

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க, நேர் ரோடு இருக்குதுல்லங்க? எதுக்குங்க இந்தச் சுத்து?"

"ரோடு சரியில்லீங்க."

"உங்க ஊரு பக்கத்துலதானுங்க? ஊட்டுல அம்மாவப் பாத்துட்டே வந்தர்லாமே?"

"அம்மா இல்லீங்க" என்றேன். உயிரோடிருக்கிற அம்மாவைக் கொன்றுவிட்டு பென்சிலை மேசையில் வைத்தேன். அவர் "அடடா" என்று என் தோளைத் தொட்டார்.

முதல் நாள் நன்றாகவே போனது. சிலம்பக்காரர்கள் கம்பு சுற்றிக் கும்பிட்டபோது இங்கா எழுந்து நின்று கைதட்டினாள். மறுநாள் காலையில் தேரியின் ஓரத்தில் ரிசார்ட் அனுப்பிய ஜீப் நின்றது. முட்டிவலி என்று முதலாளி காரிலேயே இருந்துகொண்டார். லார்ஸும் இங்காவும் ஜீப்பின் பின்னால் ஏறிவிட்டார்கள். நான் முன்கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்கில் ஜெபராஜ் இருந்தான்.

தாடி வைத்திருந்தான், நரைத்திருந்தது. ஆனாலும் ஒரு நொடிகூட ஆகவில்லை, இரண்டு பேருக்குமே. இறங்கிப் போயிருக்கலாம். பையருக்கு என்ன பதில் சொல்வது என்று தயங்கினேன் என்று எழுதினால் அது பொய். நான் ஏறி உட்கார்ந்தேன்.

பனை ஏறாத மாதங்களில் அவன் ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுத்தேரியில், மனிதச் சுவடே இல்லாத இடத்தில், இங்கா போட்டோ எடுக்க நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் இறங்கினோம். ஜெபராஜ் சீட்டுக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றும் லீவரை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"வெள்ளக்காரனக் கூட்டிட்டு வந்து என்னய முடிச்சிரலாம்னு பாத்தியாலே?"

"நீ வருவன்னு எனக்குத் தெரியாதுல. இவங்க சுத்திப் பாக்க வந்தவங்க."

"பத்து வருசம் வராதவன் இப்ப எதுக்குலே வந்த?"

நான் பதில் சொல்லும் முன்பே லீவர் வந்துவிட்டது. தலையைக் காக்கத் தூக்கிய இடது கையில் விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் காய்ந்த மட்டை முறிவது போலக் கேட்டது. நான் மணலில் விழுந்தேன். மறுபடி ஓங்கினான். கையில் அகப்பட்ட செம்மணலை அள்ளி அவன் கண்ணில் எறிந்து, கால்களைக் கட்டிக்கொண்டு சாய்த்தேன். மேட்டிலிருந்து இருவரும் உருண்டோம். அவன் என் காதைக் கடித்தான். நான் ஒடிந்த கையோடு அவன் கழுத்தை அமுக்கினேன். அப்போது மேலிருந்து கைதட்டல் கேட்டது. நேற்றைய சிலம்பத்தின் மிச்சம் என்று நினைத்துவிட்டாள் இங்கா. "ஃபென்டாஸ்டிக்! வொண்டர்ஃபுல்!" கேமரா க்ளிக் க்ளிக் என்றது.

லீவர் என் கைக்கு வந்தது. அவன் முட்டியில் அடித்தேன். அவன் அலறியதில் கைதட்டல் நின்றுபோனது. இன்னொரு அடி அடித்தேன். அந்த இரண்டாம் அடிக்குத் தேவை இல்லை. அவனால் எழவே முடிந்திருக்காது. தெரிந்தேதான் அடித்தேன். என் முப்பது வருட வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

மூன்றாவதாக அவன் தலைக்கு மேல் ஓங்கினேன்.

"போடு" என்றான் ஜெபராஜ். வாயெல்லாம் மணல். "போட்டுத் தொலை. கோர்ட்டுல நீ பாக்கலன்னு சொல்லி என்னய வெளிய விட்டியே, அன்னையிலேருந்து நான் ஒழுங்கா உறங்கலலே. நீ வருவ, இன்னிக்கு வருவ, நாளைக்கு வருவன்னு..."

இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. தூக்கிய கை இறங்கவில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் அன்று நகராமல் நின்ற அதே உடம்பு இன்றும் நின்றுவிட்டது. லார்ஸ் ஓடிவந்து என் கையிலிருந்து லீவரைப் பிடுங்கித் தூர எறிந்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அவனைப் பின்சீட்டில் தூக்கிப் போட்டோம். லார்ஸ்தான் ஜீப்பை ஓட்டினார். கார் நின்ற இடத்துக்கு வந்தபோது முதலாளி எங்களைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். தோளிலிருந்த வெள்ளைத் துண்டைக் கார் சீட்டில் விரித்தார். "ஏத்துங்க. ஆரு ஆர அடிச்சதுன்னு அப்பறம் பேசிக்கலாமுங்க." வழியில் லார்ஸ் "பொலீஸ்?" என்று கேட்டார். "நோ பொலீஸ். பிரதர்ஸ்" என்றார் முதலாளி. நான் யாரிடமும் சொல்லாததை எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரியவில்லை. எங்கள் இருவர் முகச்சாடையே சொல்லியிருக்கும். லார்ஸ் அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோயில்களைப் பார்க்காமலே அன்று மாலை கிளம்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு ஜெபராஜ் முந்திக்கொண்டு, "ஜீப் கவுந்துட்டு" என்றான். "இவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார்கள். "தம்பி" என்று சொல்லி, நல்ல கையால் கையெழுத்துப் போட்டேன்.

உச்சிவேளையில் அம்மா வந்தாள். யார் சொன்னார்களோ. பத்து வருடத்தில் பாதியாகியிருந்தாள். வாசலில் நின்ற முதலாளி அவள் யாரென்று கேட்டு, சொன்னதும் கும்பிட்ட கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். அம்மா நேராக ஜெபராஜின் கட்டிலுக்குப் போய், கட்டுப் போட்ட காலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இனி பனை ஏற மாட்டான்லா?"

"ஏற மாட்டான்."

"தலை இருக்கே."

அவள் என் கைக்கட்டைத் தொடப் போனவள் தொடாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாதிதான் செஞ்சிருக்க. பாதி வழி வந்துக்க. உடன்குடி வரைக்கும் வா. அதுக்கு அங்கிட்டு வராத."

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. லார்ஸ் அதன் பிறகு எல்லா மெயிலையும் முதலாளி பெயருக்கே எழுதினார்.

இப்போது வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், உடன்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். அம்மா எனக்கு முன்பே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பனியன், நைட்டி எல்லாம் கொடுப்பேன். அவள் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொடுப்பாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம்; பேச அதிகம் இருக்காது. ஜெபராஜ் நொண்டிக்கொண்டு திரிவதை ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தெற்கே போகும் பஸ் வரும், ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு. அவள் ஏறி, இந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்வாள். அடுத்த பஸ் திருச்செந்தூர் போகும். அங்கிருந்து எனக்குத் திருப்பூர் வண்டி. சில சமயம் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி பக்கத்தில் நிற்கும். அவள் ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கும். கை நீட்டினால் எட்டும். இருவரும் முன்னால் பார்த்தபடி, டிரைவர்கள் வண்டியைக் கிளப்பக் காத்திருப்போம்.