மாலதி அக்காவின் முழுக்கை ஜாக்கெட்

மாலதி அக்கா போய்விட்டார். முந்தாநாள் காலையில்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் "பீலிக்கரையில் வழுக்கி விழுந்து" என்று போட்டிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே தண்ணீர் விழும் இடம்... ஆனால் அக்காவின் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. அவர் பீலிக்குப் போய் வருடக்கணக்காகிறது.

நான் இங்கே ஃபேஸ்புக்கில் அதிகம் எழுதுவதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கு லைக் போடுவதோடு சரி.

பதுளை பஜாரில் ஒரு போட்டோகொப்பி கடையில் அக்காவும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். கேம்பஸ் முடித்து வேறு வேலை கிடைக்காமல் இருந்த காலம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான்.

கஸ்டமரிடம் விலை சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. "பட்டதாரியம்மா, சத்தமா பேசுனா டிகிரிய திருப்பிக் கேப்பாங்களா?" என்பார் அக்கா. கடையே சிரிக்கும்.

அவருடைய கணவர் ஆமியில் சிப்பாய். எங்கள் தோட்டத்திலிருந்து ஆமிக்குப் போன முதல் ஆள்... திருவிழாவில் அவருக்குத்தான் முதல் மாலை. லீவில் வந்தால் யூனியன் தலைவர்கூட எழுந்து நிற்பார்.

அந்த லீவு முடியும்வரை அக்கா கடைக்கு வரமாட்டார். கேட்டால் "வீட்ல இன்ஸ்பெக்ஷன்டி" என்பார். கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் முழங்காலில் நிற்க வேண்டுமாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருநாள் சிரிக்கவில்லை. "சிங்களத்துல ஒரு லெட்டர் எழுதித் தா. அவரோட கேம்ப்ல இருக்கிற பெரிய சேருக்கு."

"போலீசுக்குப் போவோம் அக்கா."

"போலீஸ் வேணாம். ஒரு பட்டன் இல்லாட்டியே தண்டனை குடுக்குற எடம்டி அது. பொண்டாட்டிய அடிக்கிறத விடுவாங்களா?"

நானும் நம்பினேன். படித்தவள்தான்... நம்பினேன். எழுதி, முகாமுக்குத் தபாலில் போட்டோம்.

மூன்றாவது வாரம் அக்காவின் கணவர் யூனிஃபார்மோடு கடைக்கு வந்தார். கையில் அதே கடிதம்.

"தங்கச்சியோட எழுத்து அச்சு மாதிரி இருக்கே" என்றார். குரலில் கோபமே இல்லை. பக்கத்தில் அக்கா தலையைத் தூக்காமல் ஒரே கட்டுக்குத் திரும்பத் திரும்ப ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பத்து நாள் அக்கா வரவில்லை. வந்தபோது மாஸ்க் போட்டிருந்தார். "இனிமே எழுதாத. ஒனக்கும் வம்பு."

நேற்று இழவு வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் லயத்துப் பெண்கள்தான் குளிப்பாட்டி உடுத்துவார்கள். அக்காவின் சித்தி மஞ்சளும் வாளியுமாகக் காத்திருந்தார்.

பெட்டி, உடலைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து நேராக வந்தது. எல்லாம் செய்து முடித்து... முழுக்கை ஜாக்கெட், கழுத்துவரை மூடி.

"இவ எப்ப முழுக்கை போட்டா?" என்றபடி சித்தி கையைத் தூக்கப் போனார்.

"தொடாதீங்க அத்தை, கலைஞ்சிரும்" என்றார் கணவர்.

"என்ன மாப்புள கலையும்?"

யாரோ சட்டென்று தேவாரம் பாட ஆரம்பித்தார்கள்.

தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம். அக்காவை மட்டும் பதுளைக்குக் கொண்டுபோய் எரிக்க ஏற்பாடு. இன்று இரண்டு மணிக்கு. ஏன் என்று கேட்டவர்களிடம் "அவ ஆசை" என்றாராம் கணவர். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

நான் யார்மேலும் பழி போடவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான்...

இன்று காலை சித்தியும் நானும் போலீசுக்குப் போனோம். கடைப் பழக்கத்தில் அந்தக் கடிதத்தையும் ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன்.

"எழுதினது யார்?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். காதில் விழவில்லை போல, மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னேன்.

எரிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சித்தியும் நானும் வெளியே உட்கார்ந்திருக்கிறோம். இதை எழுதும்போதும் எதிர் பெஞ்சிலிருந்து அக்காவின் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா... வழியனுப்ப வந்தவள் உங்களை வழியிலேயே நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் தாமதமாகப் போங்கள்.