கிளாலிக் கரைவரை யோகராணியின் பெட்டி

1993 ஆவணி. மதியம் ஒரு மணிக்கு நெல்லியடியிலிருந்து புறப்பட்டோம். யோகராணி தன் சைக்கிளில், நான் என்னுடையதில். அவளது பெட்டி என் கரியரில். அவள் ஸ்கொட்லாந்துக்குப் போகிறாள். நான் அவளைப் படகேற்றிவிட, கிளாலி வரைக்கும்.

பல்கலைக்கழக வளாகத்தில் இருவரும் கணினித் துறை உதவி விரிவுரையாளர்கள். செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்ய ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று எங்களில் ஒருவருக்கு உதவித்தொகை தர முன்வந்தது. மூன்று வருடப் படிப்பு, தங்குமிடம், விமானச் சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழ்ச் சொற்களைப் பிரித்தறிய இயந்திரத்துக்குக் கற்பிப்பது என் திட்டம். கேள்வி கேட்டு நோயை ஊகிக்கும் இயந்திரம் அவளுடையது. அவளுடையதைத் தேர்ந்தார்கள். அவள் போகாவிட்டால் எனக்கு என்றார்கள்.

வரணி வெளியில் எதிர்காற்று. அங்கே ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருக்குமாம், நூலகம் இரவிலும் திறந்திருக்குமாம் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அழுத்தி மிதித்தேன்.

மூன்றரைக்குக் கொடிகாமம். இதுவரை சுமார் பத்து மைல். சந்தையடிக் கடையில் பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தோம், ஒன்று ஐந்து ரூபா. கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, வெளிநாடு போவது நான் என்று நினைத்து வாழ்த்தினார். நான் மறுக்கவில்லை. யோகராணிதான் திருத்தினாள்.

எழுதுமட்டுவாள் தாண்டி மணல் பாதை. பல இடங்களில் இறங்கி உருட்டினோம். கிளாலிக் கரையை அடையும்போது வெயில் தணிந்திருந்தது. குடும்பம் குடும்பமாகச் சனம் மணலில் இருந்தது. கடற்படை சுடும் இந்தக் கடல்நீரேரியில் புறப்படும் படகெல்லாம் அக்கரை சேர்வதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைக் கதைக்கவில்லை. யோகராணி பெட்டிமேல் இருந்து தண்ணீரையே பார்த்தாள்.

"அம்மா தனிய. நான் போகாமல் விடட்டே?" என்றாள். "நீங்கள் போகலாம்தானே."

'ஓம்' என்றால் போதும். ஆனால் அவள் வேண்டாமென்று விட்ட இடத்தில் போய் உட்கார்ந்து, மூன்று வருடமும் இரண்டாவது ஆளாக இருப்பதை நினைத்தபோது போகாமல் நிற்பதைவிட அது கசந்தது.

"நீர் விட்டதிலை நான் போகன்," என்றேன். "உம்மிலை எனக்கு எரிச்சல்தான். அதுக்காக நீர் நிக்க வேண்டாம்."

"அது தேத்தண்ணிக் கடையிலையே விளங்கீட்டுது," என்றாள். சிரிக்கவில்லை. படகுக்காரர் கூப்பிட்டதும் பெட்டியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் போனாள்.

கொடிகாமத்தில் ஒரு நண்பன் வீட்டில் தங்கி, மறுநாள் காலை நெல்லியடிக்குத் திரும்பினேன். ஒரு சைக்கிளில் ஏறி, மற்றதின் கைபிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்ததில் தோள் கழன்றது. அவள் படகேறிவிட்டாள் என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னேன். அவர் அவளுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினார்.

"நீங்கள் எப்ப தம்பி போறியள்?" என்று பிறகு கேட்டார்.

அடுத்த முறை விண்ணப்பம் கேட்டால் என்றேன்.

அதே வாரம் வளாகத்து ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது. துறையில் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே கணினி இப்போது எனக்கு மட்டும். என் வேலையைத் தொடவில்லை. அவள் எழுதி வைத்துப் போன நிரலைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஒரு பிழையாவது கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது. மின்சாரம் நிற்கும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.